கடலுக்குக் காட்டிய உலோகம்

எங்கள் குப்பத்தில் இரும்பு வாழாது. நான் சொன்னால் புளுகு என்பார்கள். ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மோகன்குமார் பொன்னேரியிலிருந்து புது சைக்கிள் வாங்கிவந்து, ஐப்பசியில் அதை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனான். தையில் திரும்பியபோது மரத்தடியில் பெல் மட்டும் கிடந்தது. மீதியைப் பெருக்கி முறத்தில் அள்ளிக் கொடுத்தோம். பஞ்சாயத்து ஆபீசின் இரும்புக் கதவு நான் தும்மியதில் விழுந்தது. நான் பலமாகத் தும்முகிற ஆள் இல்லை. ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் நாங்கள்; காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்போடுதான் வரும். எங்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு போன வெளியூர் வீடுகளில், குழம்பில் உப்புக் குறைந்தால் மருமகளின் முந்தானையை ஒரு முறை அலசிக்கொள்வதாகக் கேள்வி.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு பெண், துருப்பிடிக்காத உலோகம் செய்யப் போனாள். தண்ணீரில் அல்ல, நெருப்பில் துருப்பிடிக்காத உலோகம்.

அவள் திவ்யா. என் மச்சான் நீலமேகத்தின் ஒரே மகள். என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சோறு நீலமேகம் வீட்டில்தான். ஆகவே அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். திவ்யா பொன்னேரியில் காலேஜ் முடித்து, சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நீலமேகம் "ஏரோப்ளேனு" என்பான். மேற்கொண்டு கேட்டால் "அதோட இஞ்சினு" என்பான். அதற்கும் மேலே கேட்டால் என்னைக் கை காட்டிவிடுவான். பறக்கிற விமானத்தின் முதுகில் உட்கார்ந்து அதற்கு வர்ணம் பூசுகிறாள் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். ஊர் அதை நம்பவில்லை. ஆனாலும் விமானம் போகும்போதெல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள்.

கார்த்திகை மழையில் அவளுடைய ஹாஸ்டலுக்குள் தண்ணீர் புகுந்து, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திவ்யா தலை முதல் கால் வரை நனைந்து வந்து சேர்ந்தாள். அவள் நெஞ்சோடு அணைத்து வந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி மட்டும் நனையவில்லை. திறந்து காட்டினாள். பஞ்சுக்குள் ஆறு துண்டு. சாம்பல் நிறம், பர்பித் துண்டு அளவு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு எண்.

"இதுக்காடி நாலு வருசம்?" என்றாள் லோகநாயகி, அவளுடைய அம்மா. "நான்கூட ஒரு றெக்கையாவது தூக்கினு வருவேன்னு பார்த்தா, பர்பி கொண்டாந்துக்கீற."

"இது டைட்டானியமும் அலுமினியமும் கலந்தது, அம்மா. டைட்டானியம் அலுமினைடுனு பேரு. இப்ப இஞ்சினுக்குள்ள போடுறதுல பாதி வெயிட்டுதான். இஞ்சின் லேசானா எண்ணெய் கம்மியா குடிக்கும்."

"அப்ப போட்டுட வேண்டியதுதானே," என்றான் நீலமேகம்.

"சூடு ஏறுச்சுன்னா தோல் உரிஞ்சிடும், நைனா. அதான் பேஜாரு. அது உரியாம இருக்கத்தான் என் வேலை."

பிறகு அவள் விளக்கினாள். என் புத்திக்கு ஏறிய மட்டும் சொல்கிறேன். உலோகத்தைச் சூட்டில் வைத்தால் காற்றுப் பட்டு மேலே ஒரு தோல் படரும். டைட்டானியம் ஒரு தோல் போடும், அலுமினியம் ஒரு தோல் போடும். இவர்கள் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். டைட்டானியம் அவசரக்காரி; மளமளவென்று போடுவாள், ஓட்டையும் உடைசலுமாக இருக்கும், ஆறினால் செதில் செதிலாகக் கொட்டும். அலுமினியம் நிதானக்காரி, மெல்லிசாக, நெருக்கமாகப் போடுவாள், காற்றுக்கு வழி விடமாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் வீடு நாசம். ஆகவே அலுமினியத்தை மட்டும் காதில் ஓதி முதலில் கூரைக்கு ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஃபுளோரின். துளி போதும். நியோபியம் என்று ஒரு பெரிய மனுஷரும் உலோகத்துக்குள்ளே உட்கார்ந்து டைட்டானியத்தை அதட்டிக்கொண்டிருப்பாராம். இந்த ஆறு துண்டுகளுக்கும் ஃபுளோரின் ஏற்றி, வேறொரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அப்போதுதான் வாங்கிவந்திருந்தாள்.

"இனிமே ஃபர்னஸ்ல வெக்கணும். தொள்ளாயிரம் டிகிரி, ஆயிரம் மணி நேரம். தோல் உரியாம நின்னுட்டா நான் சொன்னது சரினு ஆயிடும். எனக்கும் பட்டம்."

"நிக்கலைன்னா?" என்றேன்.

"நிக்கும், மாமா." பெட்டியை மூடிக்கொண்டே, "நிக்கணும். இதை உருக்கிக் குடுத்தவங்க அந்த வேலையையே விட்டுட்டாங்க. இந்த ஆறுதான் மிச்சம். வரும் மாசியோட எனக்கு டைமும் முடிஞ்சிடும். அதனால யாரும் இதுல கை வெக்காதீங்க. கைல இருக்கற வேர்வை பட்டாக்கூட நாஸ்தியாயிடும்."

"நான் ஏன் கை வெக்கப் போறேன்?" என்றான் நீலமேகம்.

அவன் சொன்ன சொல் தவறாதவன். கை வைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் 'காட்டுவது' என்று ஒரு வழக்கம் உண்டு. புது வலை, புதுத் துடுப்பு, புது இஞ்சின், எதுவானாலும் ஆபத்தான வேலைக்கு இறக்கும் முன் ஏரியும் கடலும் சேர்கிற முகத்துவாரத்துக்குக் கொண்டுபோவோம். கடல்தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரம் பார்த்து மூன்று முழுக்கு. பிறகு துடைக்காமல் வெயிலில் வைக்கவேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்தால் கடலம்மா பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். இனி அது கைவிடாது. ரஞ்சித் போன வருஷம் புது செல்போனைக் காட்டினான். அது இன்றைக்கும் நல்ல நிலையில் இருக்கிறது என்றும், உள்ளே இருந்து யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான் என்றும் சொல்கிறான்.

காட்டாமல் இறக்கியது ஒன்றே ஒன்று. நீலமேகத்தின் அண்ணன் கட்டிய படகு. சீசன் போய்விடும் என்ற அவசரத்தில் இறக்கினார்கள். மூன்றாம் நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நீலமேகம் என்னை எழுப்பி, "மாமா, வா" என்றான். திவ்யா தூங்கிக்கொண்டிருந்தாள். மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. படகில் உட்கார்ந்த பிறகுதான் அவன் மடியில் அந்தப் பெட்டி இருப்பதைப் பார்த்தேன்.

"டேய் மேகம், கை வெக்காதனு சொல்லிச்சேடா புள்ள."

"கை எங்க வெச்சேன்? பெட்டியத்தான் தூக்கினேன். தா பார்." தண்ணீர் படாத புது வலைத்துணியில் ஒரு சின்னப் பை தைத்துக் கொண்டுவந்திருந்தான். பெட்டியைச் சாய்த்துத் துண்டுகளை அதற்குள் சரித்தான். விரல் படவில்லை. "தொள்ளாயிரம் டிகிரி, மாமா. அடுப்புகூட அவ்ளோ காயாது. அதுல புள்ளையோட நாலு வருசத்த எறக்கப் போறோம். காட்டாம எறக்கறதா? நீயே சொல்லு."

எனக்கும் சரியென்றுதான் பட்டது.

ஆனால் எனக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. நெருப்பில் வேகாத பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியாது. நீலமேகம் கண்ணை மூடிக் கடலம்மாவைக் கும்பிட்ட நேரத்தில், ஒரு புது பாலித்தீன் கவரைக் கையில் மாட்டி, பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கவரோடு சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் கண் திறந்து பையை மூன்று முறை முக்கினான். எண்ணிப் பார்க்கவில்லை. கும்பிட்ட பிறகு எண்ணுகிறவன் யார்?

துண்டுகள் மணலில் விரித்த வலைமேல் காய்ந்துகொண்டிருந்தபோது நான் செசிலியாவின் டீக்கடைக்குப் போனேன்.

"இன்னா பெருசு அது, கவருக்குள்ள?" என்றாள் செசிலியா.

"ராக்கெட்டோட கடவாப்பல்லு. வலையில மாட்டிச்சு."

"நாலுனு போட்டுக்கீது?"

"நாலாவது பல்லு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சாம், "ராக்கெட்டுக்கு மொத்தம் எத்தினி பல்லு?" என்றான்.

"அது வயசப் பொறுத்தது," என்றேன்.

திரும்பி வந்தபோது ஐந்தும் பூத்திருந்தன. மெல்லிய வெள்ளை, பனிபோல. நீலமேகம் அதைப் பார்த்த பார்வையை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அவன் பெட்டியில் பஞ்சைச் சரிசெய்யக் குனிந்த சமயம், என் துண்டையும் கவரிலிருந்து வலைமேல் உதிர்த்துவிட்டேன். நனைந்து வந்த களைப்பில் திவ்யா வெயில் ஏறித்தான் எழுந்தாள்; அப்போது பெட்டி இருந்த இடத்தில் இருந்தது.

அவள் போன பிறகு கொஞ்ச நாள் ஃபோன் வந்தது. ஃபர்னஸ் ஏற்றியாகிவிட்டது என்றாள். நீலமேகம் கடலுக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்கு எத்தனை மணி ஆகியிருக்கும் என்று கேட்பான். அப்புறம் ஃபோன் நின்றது. நாங்கள் அடித்தால் "வேலையா இருக்கேன், நைனா" என்று வைத்துவிடுவாள்.

தை மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் கொல்லைக்குப் போய்க் கை கழுவினாள். சாப்பிடக் கூப்பிட்டபோது கழுவினாள். சாப்பிடாமலே எழுந்து மறுபடி கழுவினாள். சோப்பு தேய்த்து, நகத்துக்குள் குச்சி விட்டு, பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய், நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"கைல இன்னாடி?" என்றாள் லோகநாயகி.

"உப்பும்மா."

லோகநாயகி அழ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிக்கவைக்கத் தோன்றியது. "இந்த ஊர்ல பொறந்துட்டு உப்பக் கழுவறியே, மிச்சம் இன்னா இருக்கும்?" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நீலமேகம் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அஞ்சு துண்டு போச்சு, மாமா. நூறு மணி நேரம்கூட நிக்கல. மேல்தோல் கொப்புளம் கொப்புளமா எழும்பி, தொட்டா பொடியா கொட்டுது. நாலாம் நம்பர் மட்டும் நிக்குது. ஃபர்னஸ்லேர்ந்து எடுத்தா கண்ணாடி மாதிரி கீது. வெக்கும்போது அதுக்குத்தான் பயந்தேன். மத்ததெல்லாம் லேசா வெளுத்து இருந்துச்சு, ஃபுளோரின் நல்லா ஏறியிருக்குனு நெனச்சேன். அது மட்டும் வெளுக்கல."

"அப்ப இன்னாத்துக்குப் போச்சு?"

"உதிர்ந்த தோலை மெஷின்ல வெச்சுப் பார்த்தாங்க. உப்பு. தொள்ளாயிரம் டிகிரியில உப்பு தண்ணியா உருகிடும். உருகி, நல்ல தோலையே கரைச்சுத் தின்னுடும். நான் ஸ்பிரிட்டுல கழுவிட்டுத்தான் வெச்சேன். ஸ்பிரிட்டுல உப்பு கரையாது." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எலிசபெத் மேடம், என் கைடு, நல்லவங்க. சென்னைக் காத்துல உப்பு இருக்கு, அதுலேர்ந்து வந்திருக்கும், இந்த முறை காத்துல இருக்கற உப்பைக்கூடத் தாங்கலைனு எழுதிடு, தோத்ததும் ஒரு முடிவுதான், பட்டம் வந்துடும்னு சொல்றாங்க."

"வருதுல்ல? வாங்கிக்கோயேன்."

"பொய் மாமா அது. இந்த முறை நிக்கும். நான் எழுதினா, இனிமே எவனும் இத எடுத்துப் பார்க்க மாட்டான். காத்துல அவ்ளோ உப்பு வராது. எங்கேர்ந்து வந்துச்சு? என் கைலேர்ந்துதான். உப்புலயே பொறந்த கை. எத்தினி தரம் க்ளவுஸ் போட்டாலும் உள்ள இதானே இருக்கு?"

வாசலில் வலை பொத்துகிற ஊசி நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தபோது நீலமேகம் அங்கே இல்லை.

கடற்கரையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அலை ஒன்று வந்து எங்கள் இருவர் வேட்டியையும் நனைத்துவிட்டுப் போனது.

"பூத்துச்சே, மாமா," என்றான்.

"பூத்துச்சு."

"நல்லா பூத்துச்சே."

"ஆமாண்டா."

"சொல்லிடறேன்."

"சொல்லாத. பட்டம் வருதுங்கறாங்க. நீ சொன்னா இன்னா ஆவப்போவுது? போன அஞ்சு திரும்பி வருமா? கம்முனு இரு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அது கையக் கழுவிக்கினே கீது, மாமா," என்றான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், வலைத்துணிப் பை தைத்தது முதல் சொன்னான். கடைசியில், "கை மட்டும் வெக்கல, கண்ணு" என்றான்.

திவ்யா அடிப்பாள், கத்துவாள், எழுந்து போய்விடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்:

"தண்ணி ஏத்தமா, வத்தமா?"

"ஏத்தம். கடல்தண்ணி உள்ள வர்ற நேரம்."

"மூணு முக்கு. நடுவுல காயவிட்டியா?"

"இல்ல. கடைசியிலதான் காயவெச்சேன். வெயில் ஏர்ற வரைக்கும்."

"ஆறையுமா?"

"ஆறையும்," என்றான் நீலமேகம்.

"அஞ்சு," என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ராக்கெட்டின் கடைவாய்ப் பல்லைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். திவ்யா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"எந்த நம்பர், மாமா? புளுகாத. சத்தியமா சொல்லு. எந்த நம்பர்?"

"நாலு. செசிலியாவக் கேளு. அவதான் படிச்சா."

அவள் என் கையை விட்டாள். பிறகு சிரித்தாள். நைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "முக்காதது நின்னுச்சு! முக்கினது போச்சு! நைனா, அப்ப என் வேலை நிக்குது! என் கையில ஒண்ணுமில்ல!" லோகநாயகி பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று விபூதி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் மடவை மீன் வறுத்தார்கள். திவ்யா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். நடுவில் கை கழுவ எழவில்லை.

அவளுக்குப் பட்டம் தரலாமா என்று முடிவுசெய்கிற கமிட்டி கூடுகிற நாளில் எங்களையும் சாட்சிக்குக் கூட்டிப்போனாள். பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து நான் உண்மை பேசிப் பழகிக்கொண்டே போனேன். எனக்கு அது கடினமான வேலை. வாக்கியம் பாதி போனதும் ஒரு பூநாரையோ திமிங்கிலமோ தானாக உள்ளே வந்து உட்காரும். அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டு வருவதற்குள் மூன்று திமிங்கிலத்தை இறக்கிவிட்டேன்.

நீளமான மேஜை. அதைச் சுற்றிப் பேராசிரியர்கள். நடுவில் தலைவர் தமிழ்வாணன், நரைத்த புருவம், தாழ்ந்த குரல். ஓரத்தில் எலிசபெத் மேடம். மேஜைமேல் ஒரு கண்ணாடித் தட்டில் ஐந்து துண்டுகள், சுட்ட நத்தைக் கூடு மாதிரி வாய் பிளந்து கிடந்தன. பக்கத்தில் நாலாம் நம்பர், முழுசாக.

நீலமேகம் தன் பங்கைச் சொன்னான். நான் என் பங்கைச் சொன்னேன். ஒரு பூநாரையைக்கூடச் சேர்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தமிழ்வாணன் கேள்வி கேட்டார்: எந்தக் கவர், எவ்வளவு நேரம், தரையில் விழுந்ததா. எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன்.

அவர் திவ்யாவிடம் திரும்பினார். "ஃபர்னஸ்ல வைக்கறதுக்கு முன்னால மறுபடி எடை பார்த்தீங்களா?"

"இல்ல சார். ஃபுளோரின் ஏத்தினதும் பார்த்ததுதான்."

"பார்த்திருந்தா உப்பு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும், சார். என் தப்பு."

அவர் தலையசைத்தார். பிறகு எங்களிடம், "ஐயா, நீங்க ரெண்டு பேரும் சொன்னதை நான் முழுசா நம்பறேன்" என்றார். மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் நம்புவதாகத் தலையாட்டினார்கள்.

எழுபது வயசுக்கு மேல் ஆகிறது எனக்கு. நான் சொன்னதை ஒரு அறை முழுக்க உட்கார்ந்து நம்பியது அதுவே முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் நீலமேகத்தின் பிஸ்கட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

கதவு திறந்தபோது முதலில் எலிசபெத் மேடம் வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நிற்காமல் போனார். பின்னால் திவ்யா வந்தாள். "போலாம்" என்றாள்.

சென்ட்ரலில் உட்கார இடம் கிடைத்தது. வண்டி புறப்படும்வரை நீலமேகம் பொறுத்தான்.

"இன்னா கண்ணு? நம்பலையா?"

"நம்பிட்டாங்க, நைனா. அதான்."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் அழுகை இல்லை, எதுவுமே இல்லை.

"காத்துல வந்த உப்புன்னா அது சோதனை. பெட்டி என் கைய விட்டுப் போயி, ஒருத்தர் கடல்ல முக்கி, திருப்பி வெச்சாருன்னா, அது சோதனையே இல்ல. அஞ்சும் செல்லாது. நாலாம் நம்பர் டீக்கடைக்குப் போயி வந்திருக்கு. அதுவும் செல்லாது. அப்படியே இருந்தாலும் ஒண்ணு ஒண்ணுதானாம். ஒண்ணு நின்னா தற்செயல். அதனால இப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லைனு முடிவு பண்ணிட்டாங்க. புதுசா ஆறு துண்டு செஞ்சு கொண்டாந்தா பார்க்கறாங்களாம்."

"செய்யலாமே?"

"எதுல செய்ய? உருக்கறவங்க இல்ல. டைமும் இல்ல. அடுத்த வாரத்தோட ரூமைக் காலி பண்ணணும்."

"அப்ப அந்த மேடம் சொன்னாங்களே… தோத்துப்போச்சுனு எழுதினாலும் பட்டம்னு?"

"நடக்காத சோதனையில எப்படித் தோக்கறது, நைனா? அதையும் எடுத்துக்கினாங்க."

வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போனது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் திவ்யாவுக்குக் கொய்யாப்பழம் ஒன்றை நீட்டினாள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நீலமேகம் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றான். கும்மிடிப்பூண்டி வண்டியில் வாசலில் நிற்காத ஆள் உண்டா? ஆனால் அவன் கம்பியைப் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் அவன் பின்னால் நின்று, சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மாமா?" என்றான், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல. வண்டி ஆடுது. விழுந்துடுவேன்."

அவனுக்கு அது புளுகு என்று தெரிந்திருக்கும். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. வெளியே வயலும் செங்கல் சூளையும் ஓடின. கொஞ்ச நேரத்தில் என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து அதே சட்டையைப் பிடித்தது. திவ்யா. அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை. பொன்னேரி வரும்வரை இரண்டு பேரும் விடவில்லை.